கைபர் கணவாயில் பூசிய அரிதாரம்: பிரித்தானியத் திரைப்படக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் ஆளுநர் குழுவினருக்கும், திரையிடல்களைத் திட்டமிடுவோருக்கும், ஆவணக் காப்பகப் பணியாளர்களுக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1985 ஆம் ஆண்டு முதல் கிழக்கு லண்டனில் வாழ்ந்துவருபவன் நான். தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள உங்கள் அரங்குகளில் உட்கார்ந்துதான் உலகத் திரைப்படத்தின் பெரும்பகுதியை அறிந்துகொண்டேன். அந்த நன்றியோடுதான் இம்மடலை எழுதுகிறேன். 1999 ஆம் ஆண்டில் நீங்கள் வெளியிட்ட, இருபதாம் நூற்றாண்டின் நூறு சிறந்த பிரித்தானியப் படங்களின் பட்டியலில், கடைசிக்கு முந்திய இடத்தில், 99 ஆம் எண்ணில் ஒரு படம் நிற்கிறது. ஜெரால்ட் தோமஸ் இயக்கி, பீட்டர் ரோஜர்ஸ் தயாரித்து, டால்பட் ரொத்வெல் எழுதி, 1968 இல் வெளிவந்த 'கேரி ஆன் அப் த கைபர்' என்ற நகைச்சுவைப் படம் அது. முப்பது படங்கள் அளவுக்கு நீண்ட 'கேரி ஆன்' என்ற அந்தக் கொச்சை நகைச்சுவை வரிசையிலிருந்து உங்கள் பட்டியலுக்குள் நுழைந்த ஒரே படமும் அதுதான்.

அந்தப் படத்தை மறுமதிப்பீடு செய்யுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். மறுமதிப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும், படத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொல்கிறான் என்று சிலர் நினைப்பார்கள். அந்தக் காலம் அப்படி, அதை விட்டுவிடுவோம் என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டுமே படத்தைப் பாராமல் தப்பிக்கும் வழிகள். இந்தப் படம் பேரரசைப் பற்றிச் சொல்லும் உண்மைக்கு உரிய மதிப்பைக் கொடுங்கள். அதைச் சொல்வதற்காக அது நடிகர்களின் முகத்தில் பூசிய பழுப்பு அரிதாரத்துக்கும் உரிய கணக்கைக் கேளுங்கள். அதே கணக்கை உங்கள் பட்டியலின் மேல்வரிசையில் வீற்றிருக்கும் பெரிய படங்களிடமும் கேளுங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான்.

கதை நடப்பது 1895 இல், இந்தியாவின் வடமேற்கு எல்லையில், கலபார் என்ற கற்பனை மாகாணத்தில். சிட் ஜேம்ஸ் நடித்த சேர் சிட்னி ரஃப் டயமண்ட் அங்கே பிரித்தானிய ஆளுநர். கென்னத் வில்லியம்ஸ் நடித்த 'காஸி' உள்நாட்டு அரசன். பேர்னார்ட் பிரெஸ்லோ நடித்த பங்டிட் டின் மலைக்குடிப் படைத்தலைவன். எல்லையைக் காக்கும் ஸ்கொட்லாந்துப் படைவீரர்கள் தங்கள் மடிப்புப் பாவாடைக்குள் எதுவும் அணிவதில்லை என்ற நம்பிக்கையால் எதிரிகள் அவர்களைப் பாவாடை கட்டிய பிசாசுகள் என்று அஞ்சுகிறார்கள். சார்ல்ஸ் ஹோட்ரி நடித்த ஒரு சிப்பாய் உள்ளாடை அணிந்திருப்பது வெளிப்பட்டதும் அந்த அச்சம் நொறுங்குகிறது, கிளர்ச்சி தொடங்குகிறது. முழுக் கதையும் இந்த ஒரு துணித்துண்டில் தொங்குகிறது.

படத்தின் பெயரே ஒரு சிலேடை. லண்டனின் கிழக்குப் பகுதி மக்களுடைய எதுகைக் கொச்சையில் கைபர் கணவாய் என்றால் பிட்டம். காஸி என்றால் கழிப்பறை. காளமேகத்தின் சிலேடை வெண்பாக்களை வாய்விட்டுச் சொல்லிச் சிரித்து வளர்ந்தவனுக்கு இவ்வகை விளையாட்டு அந்நியமன்று. ஒரு சொல்லுக்குள் மதிப்பான பொருளையும் மறைவான பொருளையும் ஒருசேரக் கட்டிவைப்பது நல்ல மொழித்திறன் என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்தியாவின் மேகாலயத்தில் காஸி என்ற பெயரிலேயே ஒரு மக்களினம் வாழ்கிறது. தாய்வழியில் குலமும் சொத்தும் தொடரும் சமூகம் அது. அந்தப் பெயரை வைத்துச் சிரித்த அரங்குகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு மக்கள் இருப்பது தெரிந்திருக்கும்? எழுதியவர் அவர்களை எண்ணி எழுதவில்லை, கொச்சைச் சொல்லை எண்ணியே எழுதினார் என்பதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு பேரரசு, தான் ஆண்ட மக்களின் பெயர்களைக்கூட அறியாமல் சிரிக்க முடிந்தது என்பதும் இப்படத்தின் வரலாற்றில் ஒரு பகுதியாகும்.

இப்போது அந்த விருந்துக் காட்சிக்கு வருகிறேன், ஏனெனில் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கிளர்ச்சிப் படை ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்து பீரங்கியால் சுடுகிறது. உள்ளே ஆளுநரும் அவர் மனைவியும் அதிகாரிகளும் மாலை உடையில், மெழுகுதிரி வெளிச்சத்தில் விருந்து உண்கிறார்கள். குண்டு விழும் ஒவ்வொரு முறையும் கூரையின் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து சூப்புக் கிண்ணத்தில் விழுகிறது. அவர்கள் கரண்டியை நிறுத்துவதில்லை. இசைக்குழு ஒருபுறம் இடிபாடுகளுக்கு நடுவே வாசித்துக்கொண்டே இருக்கிறது. மூடிய தட்டொன்றைத் திறந்தால் பக்கிரியின் வெட்டுண்ட தலை உள்ளே இருந்து பேசுகிறது; அதையும் ஓர் உணவுவகை போலவே ஏற்றுக்கொள்கிறார்கள். பீட்டர் பட்டர்வேர்த் நடித்த மதபோதகர் ஒருவர் மட்டுமே அலறுகிறார், மேசைக்கு அடியில் ஒளியத் துடிக்கிறார். அவருடைய நடத்தைதான் அங்கே நாகரிகக் குறைவாகப் பார்க்கப்படுகிறது. ஆளுநரின் மனைவியாக நடித்த ஜோன் சிம்ஸ், தலையில் கொட்டிய சுண்ணாம்பைப் பார்த்து, குடிவெறிக்கும் சுண்ணாம்புப் பூச்சுக்கும் பொதுவான ஒரு சொல்லைப் படப்பிடிப்பின் நடுவே தாமாகவே சேர்த்துச் சொல்ல, அது அப்படியே படத்தில் நிலைத்துவிட்டது. அதன் பிறகே ஆண்கள் முற்றத்துக்குப் போகிறார்கள், வீரர்கள் வரிசையில் நின்று பாவாடையைத் தூக்குகிறார்கள், பகைவர்கள் ஓடுகிறார்கள், இவர்கள் எதுவும் நடக்காததுபோல் உள்ளே திரும்புகிறார்கள்.

இந்தக் காட்சியை நான் முதன்முதலில் பார்த்தது, லண்டனுக்கு வந்த சில ஆண்டுகளில், ஒரு விடுமுறை நாள் பிற்பகலில், தொலைக்காட்சியில். பக்கத்தில் அப்பா இருந்தார். அவர் இளமையில் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். கூரை பெயர்ந்து விழத் தொடங்கியதும் நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. திரைக்கு அருகே போய் நின்றுகொண்டு பார்த்தார். பிறகு சொன்னார்: "இது பகிடி இல்லைத் தம்பி, நான் கண்ணாலை கண்டது." ஒரு மழைக்காலத்து இரவில் மண் சரிந்து தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் ஒரு பகுதி போய்விட, அந்தச் செய்தியை எழுதிய துண்டுத்தாளோடு துரையின் பங்களாவுக்கு ஓடிய அவரை, விருந்து முடியும்வரை பின்பக்கத் தாழ்வாரத்தில் நிற்கவைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தட்டுகள் மாறிக்கொண்டிருந்தன என்றும், கையிலிருந்த தாள் நனைந்து எழுத்து கரைந்துவிட்டது என்றும், கடைசியில் செய்தியை வாயால்தான் சொன்னேன் என்றும் அப்பா சொன்னார். பேரரசைப் பற்றி ஆங்கிலத்தில் எடுக்கப்பட்ட எந்தப் பெருங்காவியப் படமும் அந்த இரவை அவருக்கு நினைவூட்டியதில்லை. இந்தக் கொச்சைப் படம்தான் நினைவூட்டியது.

அந்தக் காட்சி எழுதப்பட்ட காலத்தையும் நீங்கள் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டும். 1967 ஜூலை 3 ஆம் நாள், அரேபியாவின் தென்முனையில் பிரித்தானியர் ஆண்ட ஏடனில், கிளர்ச்சியாளர் கைக்குப் போயிருந்த கிரேட்டர் என்ற பாறை சூழ்ந்த நகர்ப்பகுதிக்குள் ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவு, குழலிசை முழங்க மீண்டும் நுழைந்தது. லெப்டினன்ட் கேணல் கொலின் மிட்செல் நாடறிந்த வீரரானார். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் பிரித்தானியா ஏடனை விட்டே வெளியேறியது. அதே நவம்பரில் பவுண்டின் மதிப்பு 2.80 டொலரிலிருந்து 2.40 டொலராகக் குறைக்கப்பட்டது. 1968 ஜனவரியில் சூயஸுக்குக் கிழக்கே உள்ள படைத்தளங்களிலிருந்து 1971 இறுதிக்குள் விலகுவதாக அரசு அறிவித்தது. படம் எடுத்து முடிந்த கையோடு, ஜூலையில், அந்த ஹைலண்டர்ஸ் படைப்பிரிவையே கலைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது, அதைக் காப்பாற்ற நாடெங்கும் கையெழுத்து இயக்கம் நடந்தது. ஆகவே, அந்த ஆண்டு அரங்கில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, பாறை மலைகளுக்கு நடுவே பாவாடை கட்டிய வீரர்கள் நிற்பது 1895 இன் கதையாகத் தெரிந்திருக்காது, அன்றைய நாளிதழின் முதற்பக்கமாகவே தெரிந்திருக்கும்.

படத்தின் முடிவும் இதையே சொல்கிறது. கடைசியில் பறக்கும் பிரித்தானியக் கொடியில், 1968 தொடக்கத்தில் சர்பிட்டன் நகரில் ஒரு நிறுவனத்தின் ஐந்து தட்டெழுத்துப் பெண்கள் நாள்தோறும் அரை மணிநேரம் ஊதியமின்றி வேலை செய்வதாகத் தொடங்கிய நாட்டுப்பற்று இயக்கத்தின் முழக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இவர்கள் எல்லோரும் முழுப் பைத்தியங்கள் என்று பொருள்படும் ஒரு வரியை, அந்த மதபோதகர் பார்வையாளரை நேராகப் பார்த்துச் சொல்கிறார். எங்கள் கூத்துகளில் கதைக்குள்ளும் வெளியிலும் நின்று அவையோடு பேசும் கட்டியக்காரனை அறிந்தவர்களுக்கு அந்த இடத்தின் வலிமை உடனே புரியும். அரசனை அரசன் என்று புகழ்ந்து அறிவிப்பவனும் அவனே, அரசன் செய்வது மடமை என்று சொல்ல உரிமை பெற்றவனும் அவனே. அந்த வரியை எழுதிய ரொத்வெல்லும் பேசிய பட்டர்வேர்த்தும் இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியரின் ஸ்டாலக் லுஃப்ட் மூன்று என்ற சிறைமுகாமில் ஒன்றாக அடைபட்டிருந்தவர்கள். போர் வீரத்தைப் பற்றிய பொய்களை அவர்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்களல்லர்.

பாவாடை கட்டிய படை என்பதும் வெறும் கற்பனையன்று. 1897 அக்டோபர் 20 ஆம் நாள், கைபரை அடுத்த திராப் பகுதிப் படையெடுப்பில், கோர்டன் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவு தர்காய் குன்றின்மீது ஏறியது. காலில் குண்டு பாய்ந்து விழுந்த பின்னும் குழல் வாசித்ததற்காக ஜோர்ஜ் ஃபின்ட்லேட்டருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. இப்படம் அந்தப் புராணத்தின் பாவாடையைத்தான் தூக்கிப் பார்க்கிறது. சில ஆயிரம் பேர் கோடிக்கணக்கானோரை ஆள முடிந்தது ஆயுதத்தால் மட்டுமன்று, ஆளப்படுவோர் கொண்டிருந்த ஓர் எண்ணத்தால். அந்த எண்ணம் பொய் என்று தெரிந்த நாளில் ஆட்சி முடியும். இதைப் படத்தில் மிகத் தெளிவாகப் புரிந்துகொள்பவன் காஸி. படத்திலேயே கூர்மையான அறிவு அவனுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் காஸியின் முகத்தில் பூசப்பட்டிருப்பது அரிதாரம். பங்டிட் டின்னாக நடித்த பிரெஸ்லோ, பக்கிரியாக நடித்த கார்டூ ரொபின்சன், இளவரசியாக நடித்த ஏஞ்சலா டக்ளஸ், காஸியின் மூத்த மனைவியாக நடித்த வாண்டா வென்தம் என்று, பேசும் இந்தியப் பாத்திரங்களில் முதன்மையானவை எல்லாம் வெள்ளையருக்கே போயின. வேல்ஸ் நாட்டின் ஸ்னோடன் மலையடிவாரத்தில் வாட்கின் பாதையைக் கைபராக்கியது போலவும், பைன்வுட் படப்பிடிப்பு வளாகத்தின் ஹெதர்டன் மாளிகையை ஆளுநர் இல்லமாக்கியது போலவும் முகங்களையும் மாற்றிக்கொண்டார்கள் என்று இதை எளிதாகச் சொல்லிவிட முடியாது. மலைக்கு மானம் இல்லை, மனிதனுக்கு உண்டு.

நடிகர்கள் கிடைக்கவில்லை என்ற சாக்கும் இங்கே செல்லாது. சியா மொஹைதீன் 1960 இலேயே லண்டன் வெஸ்ட் எண்ட் மேடையில் முதன்மைப் பாத்திரத்தில் நடித்துப் பெயர் பெற்றிருந்தார். ஐ. எஸ். ஜோஹர் 1959 இல் வடமேற்கு எல்லையைப் பற்றிய ஒரு பிரித்தானியப் படத்திலேயே நடித்திருந்தார். சோரா சேகல் 1960களின் தொடக்கத்திலிருந்து லண்டனில் இருந்தார். நகைச்சுவையில் அவருக்கிருந்த கையாட்சியைப் பின்னாளில் உலகமே கண்டது. அக்காலத்தில் யாருக்கும் இது தவறென்று தோன்றவில்லை என்பதும் உண்மையன்று: வெள்ளையர் முகத்தில் கரிபூசிப் பாடும் நிகழ்ச்சியை நிறுத்தும்படி, இனப்பாகுபாட்டுக்கு எதிரான இயக்கத்தினர் 1967 இலேயே பிபிசியிடம் கையெழுத்து மனு கொடுத்திருந்தார்கள். சொன்னவர்கள் இருந்தார்கள். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கென்யாவிலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டோடு வந்துகொண்டிருந்த ஆசியர்களைத் தடுக்கும் குடிவரவுச் சட்டம் 1968 மார்ச் 1 ஆம் நாள் அவசர அவசரமாக நிறைவேறியது. ஏப்ரல் 20 ஆம் நாள் பேர்மிங்ஹாமில் நாடாளுமன்ற உறுப்பினர் ஈனொக் பவல் குடிவரவுக்கு எதிராகத் தம் பெயர்பெற்ற உரையை நிகழ்த்தினார். மூன்று நாள் கழித்து லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்கு ஆதரவாக நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். அதே இளவேனிலில்தான் பைன்வுட்டில் இந்தப் படம் எடுக்கப்பட்டது. உண்மையான பழுப்பு முகங்கள் உள்ளே வரக்கூடாது என்று தெருவில் குரல் எழுந்த வாரங்களில், படப்பிடிப்புக் கூடத்தில் பழுப்பு முகங்கள் அரிதாரக் குழம்பிலிருந்து எடுத்துப் பூசப்பட்டுக்கொண்டிருந்தன.

அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். 1980களின் இறுதியில் ஒரு பொதியிடும் தொழிற்கூடத்தில் இரவுவேலை செய்தேன். நாங்கள் எல்லோரும் அங்கிள் என்றழைத்த ஒரு பஞ்சாபிப் பெரியவர் பெட்டிகளுக்குச் சுட்டி ஒட்டும் மேசையில் இருந்தார். கருநீலத் தலைப்பாகை, ஒரு மடிப்புக்கூடப் பிசகாது. இப்படம் தொலைக்காட்சியில் போன மறுநாள் இரவு, மேற்பார்வையாளர் மேசை துடைக்கும் ஈரத்துணியைத் தம் தலையில் சுற்றிக்கொண்டு, படத்தில் வரும் பங்டிட் டின் என்ற பெயரால் அவரை அழைத்தார். வேலை முடியும்வரை அழைத்தார். பின்னர் வாரக்கணக்கில் அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது. அங்கிள் எதுவும் சொல்லவில்லை. சுட்டியின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுவதை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தார். முதல்நாள் நானும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன், வேலை போய்விடும் என்ற பயத்தில். அதை இன்றும் எண்ணி வருந்துகிறேன். காஸியின் கூர்மையோ, விருந்துக் காட்சியின் கண்டனமோ அந்தத் தொழிற்கூடத்துக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை தலைப்பாகையும் பெயரும் மட்டுமே.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படத்தை மட்டும் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் எதிர்க்கிறேன். உங்கள் பட்டியலில் 3 ஆம் இடத்தில் இருக்கும் 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வில் அரபு இளவரசர் ஃபைசலாக அரிதாரம் பூசி நடித்தவர் அலெக் கின்னஸ். 44 ஆம் இடத்திலிருக்கும் 'பிளாக் நார்சிசஸ்' படத்தில் இந்தியப் பெண்ணாக வருபவர் ஜீன் சிமன்ஸ், அதுவும் இதே பைன்வுட்டில் எழுப்பிய இமயமலையில். அலெக் கின்னஸ் 1984 இலும் டேவிட் லீன் இயக்கத்தில் ஓர் இந்திய அந்தணராக அரிதாரம் பூசினார். இங்கே பேசும் கொச்சைப் படம் வந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பிறகும். ஆனால் இனவாதச் சித்திரிப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் விரல் முதலில் மலிவான நகைச்சுவைப் படங்களையே சுட்டுகிறது. ஒளிப்பதிவு அழகாயிருந்தால் அரிதாரம் கலையாகிவிடுகிறது. பிட்டத்தைப் பற்றிய சிலேடை இருந்தால் அதே அரிதாரம் அவமானமாகிவிடுகிறது. இது இனத்தைப் பற்றிய அக்கறையா, தொழிலாளர் வர்க்கத்து ரசனையைப் பற்றிய பழைய இளக்காரமா என்று உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். கடற்கரைக் கடைகளில் விற்ற கொச்சைப் படஅட்டைகளை வரைந்த டொனால்ட் மக்கிலை 1954 இல் லிங்கன் நகர நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டம் விதித்த அதே இளக்காரம்தான் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களவர்கள் எதை எதிர்த்தார்கள் என்பதையும் பாருங்கள். 1938 இல் சோல்டன் கோர்டா இயக்கிய 'த ட்ரம்' என்ற படம், வடமேற்கு எல்லையில் பிரித்தானியரின் நல்லாட்சியை எந்தச் சிரிப்புமின்றிப் புகழ்ந்தது. கனடிய நடிகர் ரேமண்ட் மாசி அரிதாரம் பூசி வஞ்சக இளவரசனாக வந்தார். அப்படத்துக்கும் வேல்ஸ் மலைகள் எல்லைப்புறமாக நின்றிருக்கின்றன. அது பம்பாயிலும் சென்னையிலும் திரையிடப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். அவர்களைச் சினங்கொள்ளச் செய்தது, ஆளவந்தவர்கள் தெய்வப் பிறவிகள் என்ற அந்த இறுகிய முகமே. கேரி ஆன் படம் உடைத்துக் காட்டுவது அதே இறுகிய முகத்தைத்தான். அந்த வகையில் சென்னையின் எதிர்ப்பாளர்களுக்கும் ரொத்வெல்லுக்கும் ஓரிடத்திலாவது ஒரே எண்ணம் இருந்தது என்று சொல்லலாம்.

பெண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோன் சிம்ஸின் பாத்திரம் தன் ஆசையைத் தானே அறிந்த நடுவயதுப் பெண். வீரர்கள் உள்ளாடை அணிந்திருப்பதைக் காட்டும், கணவனின் ஆட்சியையே கவிழ்க்கக்கூடிய நிழற்படத்தைத் தன் ஆசைக்காகக் காஸியிடம் கொண்டுபோகும் துணிவு அவளுக்கு இருக்கிறது. அந்நாளைய நகைச்சுவையில் இது சிறிய செய்தியன்று. ஆனால் அந்தப்புரத்துப் பெண்கள் பார்ப்பதற்கு மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறார்கள். இளவரசியின் வேலை வெள்ளை அதிகாரியைக் காதலித்துத் தந்தையைக் காட்டிக்கொடுப்பது. திரைக்கு வெளியிலும், இவ்வரிசைப் படங்களில் முதன்மை ஆண் நடிகர்களுக்கு 5,000 பவுண்டும் பெண்களுக்கு அதில் பாதியும் கொடுக்கப்பட்டது என்பது பலமுறை பதிவான செய்தி. படத்தின் மிகச்சிறந்த வரியைத் தாமாகவே கொடுத்தவருக்கு அந்தப் பாதிதான் கிடைத்தது.

நீங்கள் செய்யவேண்டியதாக நான் எண்ணுபவற்றைச் சொல்கிறேன். முதலில், இப்படத்தை ஒரு காட்சியும் வெட்டாமல் பெரிய திரையில் காட்டுங்கள். வெட்டினால் குற்றத்தோடு சான்றும் போய்விடும். 'இப்படத்தில் அக்கால மனப்போக்குகள் உள்ளன' என்பதுபோன்ற, எந்தப் படத்துக்கும் பொருந்தக்கூடிய ஈரடி அறிவிப்போடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். யார் யார் முகத்தில் அரிதாரம் பூசப்பட்டது, அந்த ஆண்டில் லண்டனில் எந்தெந்த ஆசிய நடிகர்கள் வேலைக்காகக் காத்திருந்தார்கள், அந்த மாதங்களில் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பெயரோடும் நாளோடும் எழுதிக் கொடுங்கள். பெர்காம்ஸ்டெட்டில் உள்ள உங்கள் காப்பகத்தின் வளத்துக்கு இது ஒரு பெரிய வேலையன்று.

அடுத்து, இதைத் தனியே காட்டாதீர்கள். 'த ட்ரம்' படத்தையும் 'பிளாக் நார்சிசஸ்' படத்தையும் இதனோடு ஒரே வாரத்தில் வைத்து, மூன்றுக்கும் ஒரே அளவுகோலில் அறிமுகம் எழுதுங்கள். உரையாட வருவோரில், கைபருக்கு இருபுறமும் உண்மையில் வாழும் பஷ்தூன் மக்களின் வழிவந்தவர்கள் கட்டாயம் இருக்கட்டும். படத்தில் வாளைச் சுழற்றிக் கூச்சலிடும் கூட்டமாக மட்டுமே வரும் அம்மக்கள்தான், கான் அப்துல் கஃபார் கானின் தலைமையில் ஆயுதமற்ற போராட்டத்தை நடத்தி, 1930 ஏப்ரல் 23 ஆம் நாள் பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் பிரித்தானியத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்றார்கள். அன்று அவர்களைச் சுட மறுத்த கார்வால் படைவீரர்கள் சிறைசென்றார்கள். வாட்கின் பாதையில் படப்பிடிப்பின் நினைவாக 2005 இல் ஒரு பலகை வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையான கைபரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லும் இடமாக உங்கள் அரங்கு இருக்கட்டும்.

கடைசியாக, இப்படத்தை 1970களிலும் 80களிலும் தொலைக்காட்சியில் பார்த்த தெற்காசியப் பார்வையாளர்களின் நினைவுகளைப் பதிவு செய்யுங்கள். இயக்குநர், தயாரிப்பாளர், நடிகர்கள் சொன்னவை நூல்களில் உள்ளன. வகுப்பறையிலும் தொழிற்கூடத்திலும் அடுத்தநாள் அந்தப் பெயர்களைச் சுமந்தவர்கள் சொன்னவற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்களில் பலர் இப்போது முதியவர்கள். விருந்துக் காட்சியைப் பார்த்துக் கண்ணில் நீர்வர அவர்கள் சிரித்ததும் அந்தப் பதிவில் வரவேண்டும், மறுநாள் நடந்ததும் வரவேண்டும். என் அப்பா திரைக்கு அருகே போய் நின்றதும், அங்கிள் சுட்டியின் மூலைகளை அழுத்தியதும் ஒரே படத்தால் நடந்தவை.

நீங்கள் இப்பதிவைத் தொடங்கும் நாளில் என்னை அழையுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன். அன்று அதே தொழிற்கூடத்தில் இரவுவேலை செய்த இருவர் இன்னும் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார்கள். பேச விருப்பம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் அரங்குகளின் நெடுநாள் பார்வையாளன் ஒருவன்,
கிழக்கு லண்டன்.